பூட்டக்கா காட்டுக்குப் போன கதை

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. லிஃப்ட் கம்பெனியில் வாசல் காவலாளி முதல் மேனேஜர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் பூட்டக்கா. நாற்பத்தொரு வயதுக்காரியை ஐம்பத்தைந்து வயதுக்காரர் அக்கா என்று கூப்பிடுவது நியாயமா என்று தன்னோடு வேலை பார்க்கும் பெரிய மெக்கானிக்கை ஒருமுறை கேட்டாள். "வயசுக்கு இல்லக்கா, பயத்துக்கு" என்றார் அவர்.

பயம் வரக் காரணம் ஒரு பூட்டு. லிஃப்ட் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. லிஃப்டுக்கு அடியில் உள்ள குழிக்குள் இறங்குகிற ஆள் முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் ஒரு இரும்புக் கொக்கியை மாட்டி, கொக்கியில் உள்ள பல துளைகளில் ஒன்றில் தன் சொந்தப் பூட்டைப் போட வேண்டும். சாவி தன் பையில் இருக்க வேண்டும். பூட்டில் 'உள்ளே ஆள்' என்று ஒரு அட்டை தொங்கும். இரண்டு பேர் இறங்கினால் இரண்டு பூட்டு, மூன்று பேர் என்றால் மூன்று. போட்டவர்தான் திறக்க வேண்டும். கட்டடத்தின் சொந்தக்காரரே வந்து குதித்தாலும் வேறு கை படக் கூடாது.

வழக்கம் காகிதத்தில் இருந்தது, அவ்வளவுதான். அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் பெரிய மெக்கானிக் குழிக்குள் நின்றுகொண்டிருந்தபோது, மேலே ஒரு புண்ணியவான் 'யாரோ சுவிட்சை அணைச்சிட்டாங்க போல' என்று போட்டுவிட்டான். அவருக்கு இரண்டு விரல் போயிற்று. அவரைத் தாங்கிப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவள் அவள்தான். மறுநாள் கடைவீதியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சிவப்புப் பூட்டு வாங்கினாள். அதற்குப் பிறகு பூட்டில்லாமல் குழிக்குள் காலை வைத்த எவனையும் அவள் சும்மா விட்டதில்லை. ஒருநாள் மேனேஜரையே காலரைப் பிடிக்காத குறையாக வெளியே ஏற்றினாள். பத்தொன்பது வருஷத்தில் அந்தப் பூட்டு ஒரு நாள்கூட அவள் இடுப்புக் கொக்கியை விட்டு வேறெங்கும் தங்கியதில்லை.

கல்யாணம்? வரன்கள் வந்தன, வராமலா. அப்பா படுத்த படுக்கையாக இருந்த ஆறு வருஷம் எதையும் யோசிக்க நேரமில்லை. பிறகு தங்கையின் கல்யாணம். அதற்கப்புறம் வந்த ஒரு மாப்பிள்ளை, எல்லாம் பிடித்திருக்கிறது, இந்தக் கிரீஸ் வேலையை மட்டும் விட்டுவிட வேண்டும் என்றான். "நீங்க உங்க வேலையை விடுவீங்களா?" என்று கேட்டாள். அவன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். அவள் அந்த மீதிக் காப்பியையும் குடித்துவிட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைத்தாள். எலி வளையானாலும் தனி வளை என்று மூன்றாம் மாடியில் ஒரு சின்ன வீடு வாங்கிக்கொண்டாள். ஊரெல்லாம் லிஃப்ட் ஓட்டிவிடுகிறவளின் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கேட்டால், "வீட்டுக்கு வந்தும் வேலை பார்க்கணுமா?" என்பாள்.

இப்படி இருந்தவளை ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டு, சேர்ந்து கிடக்கும் லீவை எடுத்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் மேலிடத்தில் தன்னைக் கேள்வி கேட்பார்கள் என்றார். தங்கை அதைக் கேட்டதும் தலைகால் புரியாமல் குதித்தாள். எங்கேயோ ஒரு பெருங்காட்டுக்குள், ஆற்றுக்கு அக்கரையில், ஆறே அறை உள்ள விடுதி ஒன்றில் இரண்டு பேருக்கும் பத்து நாள் இடம் பிடித்தாள். கிளம்புகிற அன்று தங்கையின் மாமியார் குளியலறையில் வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டார்.

"நீ மட்டும் போக்கா. போகலைன்னா நான் உன்கூடப் பேசவே மாட்டேன்."

"அங்க போய் நான் என்னடி பண்றது?"

"ஒண்ணும் பண்ணாத. அதுக்குப் பேருதான் லீவு."

ஒன்றும் பண்ணாமல் இருப்பது பூட்டக்காவின் ரத்தத்திலேயே இல்லை. பெட்டியில் துணிக்கு அடியில் ஸ்பானர் பையையும், அதற்கும் அடியில் பூட்டையும் கொக்கியையும் ஒளித்துக்கொண்டு போனாள்.

பஸ் போய் நின்ற கடைசி ஊரிலிருந்து ஜீப்பில் நாலு மணி நேரம். குலுங்கிய குலுக்கலில் தின்றது எல்லாம் தொண்டைக்கு வந்தது. ஜீப்காரர் மட்டும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஓட்டினார். கடைசியில் ஆறு குறுக்கே வந்தது, பாலம் இல்லை. இக்கரைக்கும் அக்கரைக்கும் ஒரு முறுக்குக் கம்பி, கம்பியில் தொங்கும் இரும்புக் கூண்டு. அக்கரையில் ஒரு ஆள் கைப்பிடியைச் சுற்றச் சுற்றக் கூண்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. ஆற்றைக் கடக்க இருபது நிமிஷம் ஆயிற்று. இறங்கியதும் அவள் காட்டைப் பார்க்கவில்லை, ஆற்றைப் பார்க்கவில்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் தூசி படிந்து கிடந்த மோட்டாரைத்தான் பார்த்தாள்.

"இது ஏன் ஓடலை?"

"எட்டு மாசமா ஓடலைங்க. வாங்க, வணக்கம்" என்றார் அந்த ஆள்.

அவர்தான் விடுதிக்காரர். முதலாளி வேறு எங்கேயோ இருந்தார். சமைப்பது, பெருக்குவது, ஆள் ஏற்றுவது எல்லாம் இவர். நிலம் அளக்கும் இலாகாவில் சங்கிலி பிடிக்கிற வேலையாக ஆறு மாதத்துக்கு வந்தவர், அளந்து முடித்தவர்கள் எல்லோரும் போன பிறகும் போகாமல் தங்கிவிட்டார். பதினோரு வருஷம் ஆயிற்று. வயது நாற்பத்தைந்து இருக்கும். எதையும் சங்கிலிக் கணக்கில்தான் சொல்வார், ஒரு சங்கிலி அறுபத்தாறு அடி. சமையலறையிலிருந்து அவள் அறை ஒன்றரைச் சங்கிலி, ஆறு மூன்று சங்கிலி அகலம். தினமும் காலையில் ஆற்றின் ஆழத்தை அளந்து ஒரு பலகையில் எழுதி வைப்பார்.

"இது யாருக்கு?" என்று முதல் நாளே கேட்டாள்.

"யாராவது கேட்டா சொல்லணும்ல."

"யாரு கேட்டாங்க?"

"பதினோரு வருஷத்துல நீங்கதான் முதல்ல" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. சிரித்த பிறகுதான், வாய்விட்டுச் சிரித்து ரொம்ப நாளாயிற்று என்று தோன்றியது.

இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டாள். விடுதியில் அப்போது பறவை பார்க்க வந்த ஒரு வயதான தம்பதி இருந்தார்கள். அந்த அம்மா பைனாகுலரை மரத்திலிருந்து இறக்கி இவளைப் பார்த்து, "இது என்ன இனம்னு தெரியலையே" என்றார். கம்பியைத் தாங்கும் கம்பத்தில் ஏற ஏணி வேண்டும் என்றாள், விடுதிக்காரர் கொண்டு வந்தார். இரண்டு மணி நேரம் அவள் உச்சியில் உட்கார்ந்து கப்பிக்குக் கிரீஸ் போட்டபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். 'பார்த்துங்க, விழுந்துடப் போறீங்க' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பத்தொன்பது வருஷமாக அந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள் அவள். கீழே இறங்கியபோது அவரை நன்றாக ஏறிட்டுப் பார்த்தாள். நல்ல முகம்தான் என்று நினைத்தாள்.

நாலாம் நாள் அவர் சிவப்புப் பூட்டைக் காட்டி, "இது எதுக்கு?" என்று கேட்டார். வழக்கத்தை எல்லாம் சொன்னாள். போட்டவர்தான் திறக்க வேண்டும், ஆளுக்கு ஒரு பூட்டு, பெரிய மெக்கானிக்கின் இரண்டு விரல், எல்லாம். அவர் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"வேற யாராவது உடைச்சா?"

"உடைச்சவங்களோட நான் வேலை பார்க்க மாட்டேன். முகத்துலயே முழிக்க மாட்டேன்."

"சரி" என்றார். அவ்வளவுதான்.

வேலை முடிந்த சாயங்காலங்களில் அவர் காட்டுக்குள் கூட்டிப் போனார். காட்டெருமையின் குளம்படி, மான் நக்கி நக்கிக் குழியாகிப்போன உப்புப் பாறை, கரடி பிறாண்டிய மரம். அவளுக்குத் தெரிந்த அளவு வேறு. அண்ணாந்து பார்த்து, "இந்த மரம் பதினாலு மாடி" என்றாள். அவர் நின்று கணக்குப் போட்டு, "ரெண்டு சங்கிலிக்கு மேல" என்றார். இருவரும் ஒரு மணி நேரம் சங்கிலியை மாடியாகவும் மாடியைச் சங்கிலியாகவும் மாற்றிக்கொண்டே நடந்தார்கள். காதல் என்றால் நிலா வேண்டும், பாட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இவர்களுக்கு இது போதுமாக இருந்தது. ஏழாம் நாள் முதல் அவள் காலையில் எழுந்ததும் முதலில் பார்த்தது மோட்டாரை அல்ல, ஆற்றுப் பலகைக்குப் பக்கத்தில் அவர் நிற்கிறாரா என்றுதான்.

எட்டாம் நாள் ஜீப்காரர் ஒரு பழைய பிரேக் கட்டையைக் கொண்டு வந்து கொடுத்தார். அதை அறுத்து, தேய்த்து, மோட்டாரின் அளவுக்குக் கொண்டுவர இரண்டு நாள் பிடித்தது. பத்தாம் நாள் காலையில் பசை போட்டு ஒட்டினாள். பசை காய ஒரு முழு நாள் ஆகும். அதற்குள் யாராவது ஆசைப்பட்டுச் சுவிட்சைத் தட்டினால் கூண்டு பாதியில் கழன்று ஓடும். அதனால் பூட்டைப் போட்டாள். கிளம்பும்போது அதைக் கழற்றிக்கொண்டு, அவரை ஒரு பூட்டுப் போடச் சொல்லி, 'நாளைக்குக் காலையில திறங்க' என்று சொல்ல வேண்டும். வேலையை ஒப்படைத்துவிட்டுப் போகிற முறை அதுதான்.

அக்கரையில் ஜீப் வந்து ஹாரன் அடித்தது. அவள் பெட்டியைக் கூண்டில் வைத்துவிட்டு, பூட்டைக் கழற்றச் சாவிக்காகப் பையில் கையை விட்டாள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் அவர். "தப்பா எடுத்துக்காதீங்க."

"பசை காயிற வரைக்கும்தான் சார். நாளைக்குக் காலையில..."

"அது இல்ல. நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

ஐயோ! பன்னிரண்டு மாடி உயரத்தில் ஒற்றைக் கம்பியில் நின்றபோதுகூட அவளுக்குக் கால் நடுங்கியதில்லை. இப்போது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜீப்காரர் மறுபடியும் ஹாரன் அடித்தார்.

"ஊருக்குப் போய்ச் சொல்றேன்" என்று கூண்டுக்குள் ஏறிக்கொண்டாள். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினார்.

ஊருக்குப் போய்ச் சொல்கிறாளாம்! அந்தக் காட்டில் போன் எடுக்காது, கடிதம் ஜீப்காரர் நினைத்தால்தான் போகும். எப்படிச் சொல்வாள் மகராசி? இதை அவளும் ஆற்றின் நடுவில்தான் யோசித்தாள். அதற்கு மேல் எதையும் யோசிக்கவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனாள். ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடம். மெயின் சுவிட்சை அணைத்தாள், பழக்கத்தில் இடுப்புக்குக் கை போயிற்று. வெறும் இடுப்பு.

"அக்கா, உங்க பூட்டு எங்க?" என்றார் பெரிய மெக்கானிக்.

அவள் பையில் கையை விட்டாள். சாவி மட்டும் இருந்தது. அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். பெரிய மெக்கானிக்குக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் சிரித்த சிரிப்பில் அந்த மாடியில் மூன்று கதவு திறந்தது. "ஆனைக்கும் அடி சறுக்கும்க்கா, ஆனைக்கும் அடி சறுக்கும்!" அன்று அவள் குழிக்குள் இறங்கவில்லை. அடுத்தவர் பூட்டில் இறங்குவது அவள் வழக்கமில்லை.

தங்கை வேறு விதமாகக் கேட்டாள். "மறந்துட்டியா, இல்ல விட்டுட்டு வந்தியா?"

"மறந்துட்டேன்டி."

"பத்தொன்பது வருஷமா மறக்காதவ."

"வாயை மூடு."

"சாவியை ஒரு கவர்ல போட்டு அனுப்பிடு, வேலை முடிஞ்சுது" என்றாள் தங்கை, ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே.

கவர் வாங்கினாள். முகவரி எழுதினாள். சாவியை உள்ளே போட்டாள். ஒட்டப்போகும்போது கை நின்றது. ஒரு பேச்சும் இல்லாமல் சாவி மட்டும் போய்ச் சேர்ந்தால், அதுவே 'முடியாது' என்று சொன்ன மாதிரி. முடியாது என்று சொல்ல அவளுக்கு மனமில்லை. முடியும் என்று சொல்லப் பயமாக இருந்தது. வேலையை விட்டுவிட்டுக் காட்டில் போய் உட்கார அவளால் ஆகாது. இருபது வருஷமாகத் தானே ராணி, தானே மந்திரி என்று இருந்துவிட்டு, இன்னொரு ஆளின் சாப்பாட்டு நேரத்துக்கு நடக்க முடியுமா? ஆனால் காலையில் கண் விழித்தால் ஆற்றுப் பலகைதான் ஞாபகம் வந்தது. மூன்று கவர் கிழிந்தது.

வாரங்கள் போயின. புதிதாக ஒரு பூட்டு வாங்கிக்கொண்டாள், அது கைக்கு ஒட்டவில்லை. "இந்நேரம் அவர் அதை வெட்டிப் போட்டிருப்பார். நல்லதாப் போச்சு, பதில் சொல்ற வேலை மிச்சம்" என்று ஒரு நாள் தங்கையிடம் சொன்னாள். சொன்ன அன்று இரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஏழாவது வாரம் புதிதாகச் சேர்ந்த மெக்கானிக்குகளுக்கு வகுப்பு எடுத்தாள். வருஷா வருஷம் அவள் எடுப்பதுதான். பூட்டு, கொக்கி, அட்டை, எல்லாம் சொல்லி முடித்தாள். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"பூட்டைப் போட்டவங்க மறந்து வீட்டுக்குப் போயிட்டா என்ன செய்யறது மேடம்?"

"திரும்பி வரணும். எவ்வளவு தூரமா இருந்தாலும் வந்து, தன் கையால திறக்கணும். வேற பேச்சே கிடையாது" என்று வழக்கம் போல அடித்துச் சொன்னாள்.

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். பிறகு, "இன்னைக்கு இவ்வளவு போதும்" என்று சாக்பீஸை வைத்துவிட்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். இவளாக லீவு கேட்டு வந்ததைப் பார்த்து அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

ஜீப்காரர் அவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். "அம்மா, நீங்க வந்தீங்களா! ஏழு வாரமா அந்த மனுஷன் கையாலயே சுத்துறாரு. வர்றவங்க எல்லாம் திட்டறாங்க. மோட்டார் நல்லா இருக்கு, ஒரு பூட்டு தடுக்குது, உடைச்சா ஆச்சுன்னு நானே சொன்னேன். கேட்டாத்தானே! முதலாளி ரம்பமே குடுத்து அனுப்பினாரு."

"ரம்பமா? என்ன பண்ணினாரு?"

"சமையக்கட்டுல ஒரு குழாயை அறுத்துக்கிட்டாரு. ரொம்ப நன்றின்னு எழுதி அனுப்பினாரு."

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கண் கலங்கியதை ஜீப்காரர் பார்த்தால் ஏழு காட்டுக்குச் சொல்லிவிடுவார்.

அக்கரையில் அவர் கைப்பிடியைச் சுற்றினார். கூண்டு பாதி ஆற்றில் இருக்கும்போது நிறுத்தி வலது தோளைத் தேய்த்துக்கொண்டு, மறுபடியும் சுற்றினார். கூண்டில் உட்கார்ந்திருந்த அவளுக்கு அந்த இருபது நிமிஷமும் இருப்புக் கொள்ளவில்லை. கரை தட்டியதும் இறங்கி, நேராகச் சுவிட்சுக்குப் போனாள். சிவப்புப் பூட்டு போட்டபடியே இருந்தது. ஒரு கீறல் இல்லை. ஆனால் கொக்கியின் இரண்டாவது துளையில் இன்னொரு பூட்டு தொங்கியது. பழைய டிரங்குப் பெட்டிப் பூட்டு. அதில் மாத்திரை டப்பாவைக் கிழித்து எழுதிய ஒரு அட்டை. பென்சிலில், கோணல் எழுத்தில், 'உள்ளே ஆள்'.

"இது யாரு போட்டது?"

"நான்தான்."

"எப்போ?"

"நீங்க போன அன்னைக்குச் சாயங்காலம். ஆளுக்கு ஒரு பூட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க. இனிமே ரெண்டு பேரும் திறந்தாத்தான் ஓடும்."

பொய் சொல்லி ஒரு வேலையைத் தொடங்குவது அவளுக்குப் பழக்கமில்லை. அதனால் முதலில் அதைச் சொன்னாள்.

"சார், நான் திரும்பி வரணும்னு கணக்குப் பண்ணிப் பூட்டை விட்டுட்டுப் போகலை. மறந்துட்டேன். அவ்வளவுதான்."

"பத்தொன்பது வருஷத்துல எத்தனை தடவை மறந்திருக்கீங்க?"

"ஒரு தடவைகூட இல்ல. இதுதான்."

அவர் முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது. "அப்போ இதைவிட நல்ல பதில் எனக்கு எங்க கிடைக்கப் போகுது?"

"இருங்க, இருங்க. இன்னும் பதிலே சொல்லலை" என்று விரலை நீட்டினாள். "நான் வேலையை விட மாட்டேன்."

"விடச் சொல்லலையே."

"மழைக்கு விடுதியை எத்தனை மாசம் மூடுவீங்க?"

"நாலு மாசம்."

"அந்த நாலு மாசம் நீங்க அங்க வரணும். மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மத்த மாசத்துல எனக்கு லீவு கிடைக்கிறப்ப எல்லாம் நான் இங்க. லீவு எனக்கு மலையாக் கிடக்கு. அவங்கவங்க சாப்பிட்ட தட்டை அவங்கவங்க கழுவணும். சம்மதமா?"

"மூணாவது மாடின்னா அரைச் சங்கிலி இருக்கும். ஏறிடலாம்" என்றார்.

அவள் சாவியை எடுத்துத் தன் பூட்டைத் திறந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். ஏழு வாரம் சுற்றிய தோள், கை பூட்டு உயரத்துக்கு எழவில்லை. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவருமாகத் திருப்பினார்கள். பழைய பூட்டு வாயைத் திறந்தது. கொக்கியைக் கழற்றிவிட்டுச் சுவிட்சைப் போட்டாள். மோட்டார் ஒரு தடவை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. காலிக் கூண்டு ஆற்றின் மேல் தானாகப் போயிற்று. மூன்று நிமிஷத்தில் அக்கரை. பிரேக் கட்டை இம்மி பிசகாமல் பிடித்து நிறுத்தியது. கூண்டு நின்ற இடத்தைக் கண்ணாலேயே அளந்து பார்த்து, அவள் திருப்தியாகத் தலையை ஆட்டினாள்.

அங்கே அவளுடைய பெட்டியோடு நின்றிருந்த ஜீப்காரர் வாயைப் பிளந்துகொண்டு கூண்டைப் பார்த்தார். பிறகு இந்தக் கரையைப் பார்த்தார். இரண்டு பேரும் இன்னும் கையை விடவில்லை.

"ஏழு வாரம் கையாலயே சுத்தினீங்களே சார்! இதுக்கா?" என்று கத்தினார்.

"இதுக்குத்தான்!" என்று பதிலுக்குக் கத்தினார் விடுதிக்காரர்.